ஜப்பான் சீரிஸில் உங்களால் மறக்கவே முடியாத ஆட்டம் எது?

1979 நவம்பர் 4. ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸின் பின்பாதி. கேள்வியைப் பார்த்ததும் வேறு எதுவும் மனதில் வரவில்லை.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஜப்பானில் சென்ட்ரல் லீக், பசிபிக் லீக் என இரண்டு லீக்குகள். 1950-லிருந்து ஒவ்வொரு வருடமும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓர் அணி வந்து மோதும். முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவர்கள் சாம்பியன். 1979-ல் மோதியவை ஹிரோஷிமா கார்ப்பும் ஒசாகா பக்கத்து கின்டெட்சு பஃபலோஸும். இரண்டுமே அதுவரை ஒரு தடவைகூடப் பட்டம் வாங்காத அணிகள். முதல் ஆறு ஆட்டங்களிலும் சொந்த ஊர்க்காரர்களே ஜெயித்து மூன்றுக்கு மூன்று. கடைசி ஆட்டம் ஒசாகா ஸ்டேடியத்தில்.

அந்த ஸ்டேடியம் இன்று இல்லை. 1998-ல் இடித்துவிட்டு, அந்த இடத்தில் நம்பா பார்க்ஸ் என்ற பெரிய ஷாப்பிங் மாலைக் கட்டினார்கள். ஆனால் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் இருந்த இடத்தையும் பிட்சர் நின்ற இடத்தையும் இரண்டாம் தளத்தில் தரையிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். நான் ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஆபீசில் மூத்தவர் ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். சின்ன வயதிலிருந்தே கின்டெட்சு ரசிகர். அந்த ஞாயிற்றுக்கிழமை, பதினான்கு வயதுப் பையனாக, வீட்டு டிவி முன்னால் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாராம். கையில் பைகளோடு போகிறவர்கள் எல்லாரும் அந்தக் குறியை மிதித்துக்கொண்டு போனார்கள். அவர் மட்டும் சுற்றிக்கொண்டு போனார். அன்று ராத்திரிதான் அந்த இன்னிங்ஸை முதல் தடவை தேடிப் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

ஹிரோஷிமா 4, கின்டெட்சு 3. தூறல். ஏழாவது இன்னிங்ஸிலிருந்தே பந்து வீசிக்கொண்டிருந்தவர் ஹிரோஷிமாவின் எனட்சு யுடாகா, இடது கைக்காரர். 1968-ல் ஒரே சீசனில் 401 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுத்தவர். பிறகு அந்த வேகம் குறைந்து, நான்காய் ஹாக்ஸ் அணிக்குப் போனபோது கடைசி இன்னிங்ஸ்களை மட்டும் வீசும் ஆளாக மாறினார். நான்காயின் சொந்த மைதானம் இதே ஒசாகா ஸ்டேடியம்தான். அதனால் பிட்சர் நிற்கும் அந்த மண்மேடு அவர் கால் அறிந்த இடம்.

முதல் பந்திலேயே கின்டெட்சுவின் ஹனேடா அடித்துவிட்டு முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஓட ஃபுஜிசே வந்தார். இப்படி ஓடுவதற்கென்றே பேர் வாங்கிய வீரர். அவர் இரண்டாவது பேஸைத் திருட (யாரும் பந்தை அடிக்காமலே ஓடிப் பிடிப்பது), கேட்சர் மிசுநுமா எறிந்த பந்து கையை விட்டுப் போக, மூன்றாவது பேஸுக்கே போய்விட்டார். அர்னால்டுக்கு ஸ்ட்ரைக் அல்லாத நான்கு பந்து போனதால் முதல் பேஸ் சும்மாவே கிடைத்தது, அவருக்குப் பதிலாக வந்த ஓட்டக்காரரும் பேஸ் திருடினார். அடுத்தவரை ஹிரோஷிமா வேண்டுமென்றே அதேபோல் முதல் பேஸுக்கு நடக்கவிட்டது. மூன்று பேஸிலும் ஆள், ஒருவர்கூட அவுட் இல்லை. ஒரு ரன் வந்தால் சமம், இரண்டு வந்தால் கின்டெட்சு சாம்பியன்.

அந்த நேரம் ஹிரோஷிமா மேனேஜர் கோபா, வேறு பிட்சர்களைத் தயாராகச் சொன்னார். எனட்சு அதைப் பார்த்துவிட்டார். என் மேல் நம்பிக்கை இல்லையா என்று அவருக்கு உள்ளுக்குள் கொதித்தது. முதல் பேஸில் ஃபீல்டிங் நின்ற ஹிரோஷிமா வீரர் கினுகாசா சாச்சியோ மெதுவாக நடந்து பக்கத்தில் வந்து, நீ நினைப்பதைத்தான் நானும் நினைக்கிறேன், நீ அணியை விட்டுப் போனால் நானும் போவேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதில்தான் மனம் அடங்கியது என்று எனட்சு பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அடுத்து வந்த சசாகி, முந்தைய வருடம் பசிபிக் லீக்கில் பேட்டிங்கில் முதலிடம் பிடித்தவர். அவர் அடித்த ஒரு பந்து மூன்றாவது பேஸ் கோட்டை ஒட்டிப் பறந்து மயிரிழையில் வெளியே விழுந்தது. உள்ளே விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கடைசியில் ஸ்ட்ரைக் அவுட். ஒருவர் அவுட்.

பிறகு இஷிவாதா. முதல் பந்து வளைந்து வந்தது, அவர் அசையவில்லை, ஸ்ட்ரைக். அடுத்தது அந்த இன்னிங்ஸின் 19-வது பந்து. கின்டெட்சு மேனேஜர் நிஷிமோட்டோ யுகியோ ஸ்குவீஸுக்குச் சைகை கொடுத்தார். அதாவது, பிட்சர் கையை விட்டுப் பந்து போகும்போதே மூன்றாவது பேஸ்காரர் ஹோமை நோக்கி ஓடிவந்துகொண்டிருப்பார்; பேட்டர் எப்படியாவது பந்தில் பேட்டைத் தொட்டு உருட்டிவிட வேண்டும். தொடாமல் விட்டால் ஓடிவந்தவர் கதி அவ்வளவுதான்.

இதில் என்னை அசரவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. இடது கைப் பிட்சர் காலைத் தூக்கும்போது முகம் முதல் பேஸ் பக்கம், முதுகு மூன்றாவது பேஸ் பக்கம். ஃபுஜிசே கிளம்பியது எனட்சுவின் முதுகுக்குப் பின்னால். பந்தை வளைத்து வீசுவதற்கான பிடியும் விரல்களில் விழுந்தாகிவிட்டது, மாற்ற நேரமில்லை. அந்தப் பிடியோடேயே பந்தை வெளியே, உயரத்தில் விட்டார். மிசுநுமா எழுந்து நின்று பிடித்தார். இஷிவாதா பேட்டை எட்டி நீட்டியும் படவில்லை. பாதி வழியில் மாட்டிக்கொண்ட ஃபுஜிசே அவுட். தெரிந்தேதான் விலக்கினேன் என்பது எனட்சுவின் பேச்சு. பந்து தற்செயலாக நழுவியது என்று நினைப்பவர்களும் உண்டு. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகு நான் எனட்சு பக்கம். பந்து போன உயரம் நழுவின பந்துக்கு உரியதாக எனக்குத் தெரியவில்லை.

21-வது பந்தில் இஷிவாதா ஸ்ட்ரைக் அவுட். மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது. ஹிரோஷிமாவுக்கு முதல் பட்டம்.

எல்லாரும் எனட்சுவைப் பற்றியே பேசுவார்கள். பேச வேண்டியதுதான். எனக்கு அந்த இன்னிங்ஸ் மறக்காமல் இருப்பது நிஷிமோட்டோவால்.

1960-ல் அவர் தாய்மாய் ஓரியன்ஸ் அணியின் மேனேஜர். ஜப்பான் சீரிஸின் இரண்டாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். அணி 2-3 என்று பின்தங்கியிருக்கிறது. ஒருவர் அவுட், மூன்று பேஸிலும் ஆள். அன்றும் ஸ்குவீஸ்தான் சொன்னார். பந்து கேட்சர் முன்னாலேயே விழுந்து இரண்டு பேர் ஒன்றாக அவுட். அணி நான்கு ஆட்டத்தையும் தோற்றது, நான்கும் ஒரே ஒரு ரன்னில். அடித்து ஆடும் பலமுள்ள அணியை வைத்துக்கொண்டு பந்தைத் தொட்டு உருட்டும் பன்ட் செய்வதா என்று அணியின் முதலாளி, சினிமா அதிபர் நகாதா, ஃபோனில் முட்டாள் என்று திட்டினார். சீரிஸ் முடிந்ததும் நிஷிமோட்டோ வேலையை விட்டு வெளியேறினார்.

19 வருடம் கழித்து அதே ஒரு ரன் பின்னடைவு, அதே ஒருவர் அவுட், மூன்று பேஸிலும் ஆள். வேறு யாராக இருந்தாலும் அந்தச் சைகைக்குக் கை வந்திருக்காது. அவர் கொடுத்தார். பழைய அவமானத்துக்குப் பயந்து, சரி என்று நினைத்ததை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இஷிவாதாவை வைத்து அந்த இடத்தில் ஒரு ரன் எடுக்க அதுதான் நல்ல வழி என்று நானும் நம்புகிறேன். எதிரே எனட்சு நின்றார், அவ்வளவுதான் வித்தியாசம்.

தாய்மாய், ஹான்கியூ, கின்டெட்சு என்று மூன்று அணிகளோடு எட்டு தடவை ஜப்பான் சீரிஸுக்கு வந்து எட்டும் தோற்றவர் அவர். அடுத்த வருடமே மறுபடி ஹிரோஷிமாவோடு ஏழு ஆட்டம் ஆடித் தோற்றார். கின்டெட்சுவுக்கும் விடிவு வரவேயில்லை. 1989-ல் ஜயண்ட்ஸுக்கு எதிராக முதல் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு அடுத்த நான்கையும் இழந்தது. 2001-லும் தோல்வி. 2004-ல் ஒரிக்ஸ் அணியோடு இணைக்கப்பட்டு அந்தப் பெயரே மறைந்தது. நிஷிமோட்டோ 2011-ல் காலமானார்.

ஆபீஸ் மூத்தவர் இன்றுவரை வேறு எந்த அணிக்கும் மாறவில்லை. கின்டெட்சுவைப் பற்றிப் பேசும்போது இன்னமும் "நாங்க" என்றுதான் சொல்வார்.

ஒசாகா வந்தால் போய்ப் பாருங்கள். ஹோம் பிளேட் குறியில் நின்று பிட்சர் பக்கம் பார்த்தால் நடுவில் 18.44 மீட்டர். அப்படியே இடது கைப்பக்கம் திரும்பி 27 மீட்டர் மனதுக்குள் அளந்துகொள்ளுங்கள். ஃபுஜிசே ஓடிவந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான்.