அது உங்கள் வீட்டுச் சுவர் இல்லை

கேள்வி: போன மாதம் என் மகனின் முதல் பிறந்தநாளுக்கு வீட்டில் போனில் எடுத்த படம். கேக் வெட்டும்போது அவன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். பின்னால் கதவோரம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா நின்றிருந்தார், ஸ்டாண்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது, ஒரு பச்சைக் குடம் வேறு. எல்லாவற்றையும் போனிலேயே ஏஐ வைத்து அழித்துவிட்டேன். அழுத முகத்தையும் சிரித்த முகமாக மாற்றினேன். படம் இப்போது அவ்வளவு அழகாக இருக்கிறது, பெரிதாக பிரின்ட் போட்டு ஹாலில் மாட்டப்போகிறேன். என் கணவர்தான் "நடக்காத விஷயத்தை எதுக்கு மாட்டணும்?" என்கிறார். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் டச்சப் செய்ததில்லையா? நான் செய்ததில் என்ன தப்பு?
வாசகி ஒருவர், திருச்சி

பதில்: ஸ்டூடியோவை நீங்களே இழுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். டச்சப் செய்தார்கள், தாராளமாகச் செய்தார்கள். வெளிச்சம் வரும் சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பையும் பொறுமையாக நிரப்புவார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவைக்குப் பச்சை, உதட்டுக்குச் சிவப்பு என்று கையாலேயே வண்ணம் தீட்டிக் கொடுப்பார்கள். பின்னால் தாஜ்மகால் திரை தொங்கும். ஆனால் அந்தத் திரையைப் பார்த்து நம் பாட்டி ஆக்ராவுக்குப் போய் வந்தார் என்று எந்தப் பேரனும் நம்பியதில்லை. அது துணி என்று எடுத்தவருக்கும் தெரியும், நின்றவருக்கும் தெரியும், பார்த்தவருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், நெகட்டிவ். கவரில் போட்டு நம்பர் எழுதி ஸ்டூடியோக்காரர் அடுக்கி வைத்திருப்பார், பத்து வருஷம் கழித்துப் போய்க் கேட்டாலும் தேடி எடுத்துக் கொடுத்தவர்கள் உண்டு.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1983-ல் என் அக்காவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. ஒரு ரோலுக்கு 12 படம்தான், அதனால் ஒவ்வொரு படத்துக்கும் போட்டோகிராபர் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கடைசிப் படம், பூ ஜடைப் படம். அக்காவை உட்காரவைத்து, பின்னால் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, முகமும் தெரியவேண்டும் ஜடையும் தெரியவேண்டும் என்று எடுப்பார்களே, அது. பிரின்ட் வந்தபோது கண்ணாடியின் வலது ஓரத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். பக்கத்துக் குடித்தனத்து அத்தை. ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தன் முறை எப்போது வரும் என்று வாசற்படியில் காத்திருந்தவர், தான் படத்தில் விழுகிறோம் என்றே தெரியாமல் விழுந்திருக்கிறார். அம்மாவுக்குக் கோபமான கோபம். "ஜடைக்குப் பக்கத்துல இவங்க எதுக்கு, படமே போச்சு" என்று அன்றைக்கெல்லாம் புலம்பினார். இத்தனைக்கும் அந்த ஜடையை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்து தைத்தவரே அந்த அத்தைதான்.

13 வருஷம் கழித்து அந்த அத்தை இறந்துபோனார். பதினாறாம் நாளுக்கு வைக்க ஒரு படம் வேண்டும் என்று அவர் மகன் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். அவர்கள் வீட்டில் ஒரு படம்கூட இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த ஒன்றைக் கரையான் அரித்துவிட்டது, அதன்பிறகு யாரும் அவரைக் கேமரா முன்னால் நிறுத்தவில்லை. அம்மா அந்த ஜடைப் படத்தை ஆல்பத்திலிருந்து பிரித்துக் கொடுத்தார். ஸ்டூடியோக்காரர் பழைய கவர்களைக் கிளறி நெகட்டிவைக் கண்டுபிடித்து, கட்டைவிரல் நகம் அளவு இருந்த முகத்தை மட்டும் பெரிதாக்கினார். பார்த்ததும் மகன் சொன்னது, "அம்மாவுக்கு மூக்குத்தி இந்தப் பக்கம் இல்லியே." கண்ணாடியில் விழுந்த முகம் அல்லவா, இடம் வலம் மாறியிருந்தது. ஸ்டூடியோக்காரர் நெகட்டிவைப் புரட்டிப் போட்டு மறுபடி பிரின்ட் எடுத்தார், கலங்கலாக இருந்த கன்னத்தைப் பென்சிலால் தேற்றினார். அப்புறம்தான் அது அவர் அம்மாவானது.

அதுவும் டச்சப்தான், நன்றாகக் கவனியுங்கள். படத்தைத் திருப்பினார், திருத்தினார், வரைந்தார். ஆனால் இருந்த மனுஷியைத் திரும்பக் கொண்டுவருவதற்காகச் செய்தார். உங்கள் போனில் நடந்தது நேர் எதிர்த் திசை. 1983-ல் இந்த வசதி எங்கள் கையில் இருந்திருந்தால், அம்மா அன்று மாலையே கண்ணாடியைத் துடைத்த மாதிரி அந்த அத்தையைத் துடைத்திருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, அம்மா கெட்டவர் என்பதால் சொல்லவில்லை, அன்றைக்கு நம் கண்ணுக்குத் தெரிவது ஜடை மட்டும்தான். போட்டோவில் எது முக்கியம் என்பது எடுத்த அன்றே தெரிந்துவிடுவதில்லை.

இப்போது உங்கள் படம். கூகுள் 2021-ல் பிக்சல் 6 போனோடு மேஜிக் இரேசரைக் கொண்டுவந்தது. சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-ல் ஏஐ எடிட்டிங்கைக் கொடுத்தது. ஐபோனில் க்ளீன் அப் அதே வருஷம் அக்டோபரில் வந்தது. பெயர்தான் வேறு வேறு, அழிக்கும் விஷயத்தில் எல்லாம் செய்வது ஒன்றே. அழித்த ஆளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று போனுக்குத் தெரியாது, கேமராவும் அதைப் பார்க்கவில்லை. சுற்றியிருக்கும் நிறத்தையும் நிழலையும் பார்த்து, தான் பழகிய கோடிக்கணக்கான படங்களின் பழக்கத்தில், இங்கே இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து ஒன்றை வரைகிறது. ஆக, நீங்கள் அந்த அக்காவை நீக்கிய இடத்தில் இப்போது இருப்பது உங்கள் வீட்டுச் சுவர் இல்லை. ஏதோ ஒரு சுவர். அதில் ஆணி அடித்த தழும்பு இருக்காது, போன மழைக்குப் பூத்த ஈரம் இருக்காது, குழந்தை கிறுக்கியதும் இருக்காது.

அப்புறம் யாரை அழித்தீர்கள் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். நம் வீட்டு விசேஷப் படங்களின் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். வேலை செய்தவர்கள்தான் நிற்பார்கள். சமைத்தவர், பாத்திரம் கழுவியவர், குழந்தையை இடுப்பில் வைத்து வேடிக்கை காட்டியவர். நடுவில் வந்து நில்லுங்கள் என்று அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. அவர்களுக்குக் கிடைத்த இடமே அந்த ஓரம்தான், இப்போது அந்த ஓரத்தைத்தான் போன், இதை எடுத்துவிடலாமா என்று வட்டம் போட்டுக் காட்டுகிறது. உங்கள் மகனை இந்த ஒரு வருஷத்தில் அந்த அக்கா எத்தனை நாள் தூக்கி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். குடத்தையும் துணியையும் அழித்ததைக்கூட நான் விட்டுவிடுவேன், இதை விட முடியவில்லை.

இப்படித் திருத்திய படத்தால் நினைவு கெடுமா என்பதையும் பார்த்துவிடலாம். 2002-ல் நியூசிலாந்து ஆய்வு ஒன்று வெளியானது. 20 பேரிடம் அவர்களுடைய சின்ன வயதுப் படங்களைக் காட்டினார்கள், அதில் ஒன்று மட்டும் போலி. பலூனில் பறப்பதுபோல் அவர்களின் முகத்தை ஒட்டிச் செய்தது. மூன்று முறை உட்காரவைத்துப் பேசி முடித்தபோது, பாதிப்பேர் நடக்காத அந்தப் பயணத்தை முழுதாகவோ கொஞ்சமாகவோ "ஞாபகப்படுத்தி"ச் சொன்னார்கள். அன்றைக்கு அந்தப் படத்தை ஒட்ட ஆள் வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும். பிறகு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 200 பேரை வைத்து, ஏஐ திருத்திய படங்களைக் கொண்டே சோதித்தார்கள். திருத்திய படத்தை ஏஐ மூலமாகவே வீடியோவாக்கிக் காட்டியபோது, தவறான நினைவுகள் திருத்தாத படம் பார்த்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கூடின. படத்தைக் கொடுத்தால் அசையவைத்துத் தரும் வசதி இன்று சாதாரண போனிலேயே கிடைக்கிறது.

இதெல்லாம் பெரியவர்களின் கதை. உங்களுக்காவது அவன் அழுதது நினைவிருக்கும், மெழுகுவத்தியைப் பார்த்துப் பயந்தானா, கூட்டத்தைப் பார்த்துப் பயந்தானா என்றுகூடச் சொல்வீர்கள். ஒரு வயதில் நடந்தது அவனுக்கு எதுவும் நினைவிருக்காது. அந்த நாள் அவனிடம் இருக்கப்போவது இந்தப் படமாகவும் நீங்கள் சொல்லும் கதையாகவும் மட்டும்தான். ஹாலில் தினம் பார்த்து வளர்வான், இருபது வயதில் நண்பர்களிடம் "நான் சின்ன வயசுல அழவே மாட்டேனாம்" என்பான். அந்த வீறிடலில் என்ன குறை கண்டீர்கள் என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. முதல் பிறந்தநாளுக்கு அழாத குழந்தைகள் குறைவு, என் மகள் மொட்டையடிக்கும்போது அழுத படம்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் முதலில் தேடி எடுப்பது.

முகத்தை எப்படி மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வழி உண்டு. 2023-ல் பிக்சல் 8-ல் வந்த பெஸ்ட் டேக் போன்றவை, அடுத்தடுத்து எடுத்த படங்களிலிருந்து அதே ஆளின் இன்னொரு முகபாவத்தை எடுத்து ஒட்டும். அப்படியென்றால் அது அவனுடைய சிரிப்புதான், சில நொடி முன்னே பின்னே நகர்ந்திருக்கிறது, எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஏஐயிடம் "சிரிக்க வை" என்று கேட்டு வாங்கியிருந்தால், அந்த வாயும் கன்னமும் உங்கள் பிள்ளையுடையது கிடையாது. எட்டுப் பல் முளைத்திருந்ததா ஆறுதானா என்று அதற்கு என்ன தெரியும்? பெரிதாக பிரின்ட் போடுவதற்கு முன்னால் பல்லை எண்ணிப் பாருங்கள்.

2024-ல் சாம்சங்கின் உயர் அதிகாரி பேட்ரிக் ஷோமே, உண்மையான படம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்றார். கேமராவின் சங்கதியாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. இன்றைய போன் ஒரு கிளிக்கில் பல படங்களை எடுத்து, இருட்டான இடத்தை ஏற்றி, வெளுத்ததை இறக்கி, சேர்த்துத்தான் ஒன்றாகத் தருகிறது. ஆனால் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிறவர் அதையா கேட்கிறார்? அன்றைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, பாட்டி அப்போது எழுந்து நின்றாரா, அந்த வேப்பமரம் இருந்ததா என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விகளுக்குப் படம் பதில் சொல்லும், நாம் அதன் வாயை அடைக்காமல் இருந்தால்.

இறந்துபோன அப்பாவைக் கல்யாணப் படத்தில் ஏஐ மூலம் சேர்ப்பது பற்றியும் கடிதங்கள் வருகின்றன, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தப்பென்று சொல்ல எனக்கு மனம் வராது. மாலை போட்ட படத்தை மேடையில் நாற்காலியில் வைத்து ஆசி வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, இது அந்த ஏக்கம்தான். ஆனால் நாற்காலியில் இருந்த படத்துக்கு மாலையும் பொட்டும் இருந்தன, பார்த்த உடனே தெரியும். கோட்டு போட்டு மாப்பிள்ளை தோளில் கைபோட்டு நிற்கும் ஏஐ அப்பாவுக்கு அது எதுவும் கிடையாது. படத்துக்கு அடியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "அப்பா 2019-ல் மறைந்தார், இந்தப் படத்தில் நாங்கள் சேர்த்தது." பேரப்பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

உங்களுக்கு வருகிறேன். அழகான படத்தை மாட்டுங்கள், அது உங்கள் வீடு, உங்கள் ஆசை. ஆனால் அழுத படத்தையும் ஒரு பிரின்ட் போட்டு, பின்பக்கம் தேதியும் நின்றவர்களின் பெயரும் எழுதி வையுங்கள், அந்த அக்காவின் பெயரும் அதில் இருக்கட்டும், அவருக்கும் ஒரு காப்பி கொடுங்கள். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் படமும் சுருங்கும், எடுத்த தேதி முதலான விவரங்களும் கழன்றுவிடும்.

இதெல்லாம் ஒரிஜினல் உங்களிடம் இருந்தால்தானே. பலர் இடம் இல்லை என்று திருத்திய படத்தை வைத்துக்கொண்டு பழையதைத் தூக்கிவிடுகிறார்கள், நீங்களும் அதைச் செய்திருப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் அழித்த பிறகும் ட்ராஷில் 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாததென்றால் 30 நாள்தான். ஐபோனில் படத்தை அழிக்காமல் திருத்த மட்டும் செய்திருந்தால், எடிட்டுக்குள் போய் ரிவர்ட் கொடுத்தால் பழையது திரும்பிவிடும். பிறந்தநாள் போன மாதம்தான் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் போனை எடுத்து ட்ராஷைத் திறந்து பாருங்கள்.