பல் கிளினிக் வேலை: அனுபவம் குறைவாக இருப்பவர் சுயவிவரத்தில் எதை எழுதுவது?

கேள்வி: எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிறகு ஒரு மருந்துக் கடையின் முகப்பில் சில மாதங்கள் வேலை செய்தேன். பின்னர், மகப்பேறு விடுப்பில் சென்ற ஒருவருக்குப் பதிலாக ஒரு பல் கிளினிக்கில் இரண்டு மாதங்கள் உதவியாளராக இருந்தேன். அந்த வேலை மனத்துக்குப் பிடித்துவிட்டதால், இப்போது செபராங் பிறையிலும் பினாங்குத் தீவிலும் உள்ள கிளினிக்குகளுக்கு விண்ணப்பித்து வருகிறேன். ஆனால் என் சுயவிவரம் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. பல் சுத்தம் செய்யவும் பல் அடைக்கவும் தெரியும் என்று சேர்த்துக்கொள்ளும்படி தோழி சொல்கிறாள். சேர்க்கலாமா? - வாசகி, பட்டர்வொர்த்.

பதில்: கண்டிப்பாகச் சேர்க்காதீர்கள். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் மலேசியாவின் 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி, நோயாளியின் வாயில் சிகிச்சை செய்ய உரிய பதிவு பெற்றவருக்கே உரிமை உண்டு. உதவியாளர் ஒருவர் ஸ்கேலிங் (பல் சுத்தம்) செய்தேன், பல் அடைத்தேன் என்று எழுதினால் அதைத் திறமை என்று எந்த மருத்துவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்; ஒன்று பொய் என்று நினைப்பார், அல்லது முன்பு வேலை செய்த இடத்தில் சட்டத்துக்குப் புறம்பான செயல் நடந்திருக்கிறது என்று நினைப்பார். போலிப் பல் மருத்துவர்களிடம் கம்பி மாட்டிக்கொண்டு துன்பப்பட்டவர்களைப் பற்றிய செய்திகள் நம் நாட்டில் அடிக்கடி வெளிவரும் காலத்தில், இந்த ஒரு வரியே உங்கள் விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கப் போதுமானது. அதேபோல் உங்களைப் 'பல் தாதி' என்றும் குறிப்பிட வேண்டாம். அது இன்று பல் சிகிச்சையாளர் எனப்படும், தனிப் பயிற்சியும் பதிவும் தேவைப்படும் தொழிலுக்கு முன்பு வழங்கிய பெயர். 'பல் மருத்துவ உதவியாளர்' அல்லது கிளினிக்குகளில் எல்லாரும் சுருக்கமாகச் சொல்லும் 'டி.எஸ்.ஏ.' (டென்டல் சர்ஜரி அசிஸ்டன்ட்) என்பதே உங்களுக்குப் பொருந்தும்.

இரண்டு மாத அனுபவத்தை இரண்டே சொற்களில் சுருக்கியதால்தான் உங்கள் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று நினைக்கிறேன். 'மருத்துவருக்கு உதவினேன்' என்பதிலிருந்து படிப்பவருக்கு எதுவும் தெரியாது. அந்த இரண்டு மாதங்களில் உங்கள் கைகள் என்ன செய்தன என்பதை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதுங்கள். சக்‌ஷன் குழாயை (வாயிலுள்ள எச்சிலை உறிஞ்சும் குழாய்) பிடித்தீர்களா? பல் அடைக்கும் ஜி.ஐ.சி. சிமென்டைக் கலந்து கொடுத்தீர்களா? அச்செடுக்க அல்ஜினேட் கலந்தீர்களா? பல் பிடுங்குவதற்கும் வேர் சிகிச்சைக்கும் தனித்தனியாகத் தட்டு அடுக்கினீர்களா? இவற்றில் உண்மையில் செய்தவற்றை மட்டும், தனியாகச் செய்தீர்களா அல்லது மூத்த உதவியாளரின் மேற்பார்வையில் செய்தீர்களா என்ற குறிப்போடு எழுத வேண்டும்.

கருவிகளைக் கிருமிநீக்கம் செய்த அனுபவத்துக்குத் தனி இடம் கொடுங்கள். புதிய உதவியாளரைச் சேர்க்கும்போது மருத்துவருக்கு இருக்கும் பெரிய கவலை அதுதான். அங்கே நேரும் ஒரு கவனக்குறைவு, ஒரு நோயாளியின் தொற்றை அடுத்த நோயாளிக்குக் கொண்டுபோய்விடும். 'பயன்படுத்திய கருவிகளைப் பிரித்து, கழுவி, உலர்த்தி, பையிலிட்டு, தேதி குறித்து, ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்தேன். பையிலுள்ள குறியீட்டின் நிறம் மாறியிருப்பதைச் சரிபார்த்த பிறகே அலமாரியில் அடுக்கினேன்' என்று எழுதினால், நீங்கள் அந்த வரிசையைப் புரிந்துகொண்டு செய்தவர் என்பது விளங்கும். ஹெப்பாடிட்டிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போட்டிருந்தால் அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். 1989 முதல் அது நம் நாட்டின் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இருப்பதால், உங்கள் தடுப்பூசிப் பதிவேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

மருத்துவர் சொல்லச் சொல்ல அட்டையில் பற்களின் நிலையைக் குறித்திருந்தால் அதுவும் மதிப்புள்ளது. நிலைப் பற்களுக்கு 11 முதல் 48 வரையிலும் பால் பற்களுக்கு 51 முதல் 85 வரையிலும் வழங்கும் எண்முறை இன்னும் பழகவில்லை என்றால், நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு மாலையை ஒதுக்கிப் படித்துவிடுங்கள். பழகிய பிறகே சுயவிவரத்தில் சேருங்கள்.

மருந்துக் கடை வேலையைச் சாதாரணமாக நினைத்துக் கடைசியில் ஒற்றை வரியாகப் போடுவது சரியல்ல. மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்த்து அடுக்கியவர், கிளினிக்கின் மயக்க மருந்தையும் அடைப்புப் பொருட்களையும் அதே கண்ணோடு பார்ப்பார். பணப் பெட்டியைக் கணக்கு முடித்து ஒப்படைத்தவரை முகப்பிலும் நம்பி உட்கார வைக்கலாம். மொழியும் அப்படியே. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று பெயர்களை அடுக்குவதைவிட, எந்த மொழியில் எவ்வளவு முடியும் என்று எழுதுங்கள். பினாங்கில் 'ஹொக்கியன் சீன மொழியில் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டறிய முடியும்' என்ற வரி வயதான நோயாளிகள் நிறைய வரும் கிளினிக்கில் உடனே கண்ணில் படும்.

இதற்கெல்லாம் இடம் வேண்டுமே என்றால், தேவையற்றவற்றை எடுத்துவிடுங்கள். அப்பா அம்மாவின் தொழில், மதம், உயரம், எடை, தொடக்கப்பள்ளி யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவு ஆகியவை தேவையில்லை. அடையாள அட்டை எண்ணை முன்பின் தெரியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் தாளில் எழுதவே கூடாது. வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும். எந்த வாகனத்தில் வருவீர்கள், பாலம் கடந்து தீவுக்குத் தினமும் வர முடியுமா, இரவு நேரத்திலும் சனி, ஞாயிறுகளிலும் வேலை செய்ய முடியுமா என்பவற்றை எழுதுங்கள். இவற்றைத்தான் மருத்துவர் தொலைபேசியில் முதலில் கேட்பார்.

இரண்டு மாதத்தை ஆறு மாதமாக நீட்டும் எண்ணம் வந்தால் அதையும் கைவிடுங்கள். ஒரே ஊரில் தொழில் செய்யும் மருத்துவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பார்கள். ஓர் அழைப்பில் உண்மை தெரிந்துவிடும். தொடங்கிய மாதத்தையும் முடிந்த மாதத்தையும், விடுப்பில் சென்றவர் திரும்பியதால் முடிந்தது என்ற காரணத்தையும் எழுதிவிட்டால் யாரும் குறையாக நினைக்கப்போவதில்லை. அந்த மருத்துவரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, அவரைப் பரிந்துரையாளராகக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: அரசாங்கப் பல் மருத்துவச் சேவையில் ஒப்பந்தக் காலம் முடியப்போகிறது. தனியார் கிளினிக்குகள் 'அனுபவம் உள்ளவர்' என்றே விளம்பரம் செய்கின்றன. பல்லுக்கு உறைபோல் போடும் கிரீடம், தாடை எலும்பில் பொருத்தும் இம்பிளாண்ட் போன்றவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. எப்படி விண்ணப்பிப்பது? - இளம் மருத்துவர், செராஸ், கோலாலம்பூர்.

பதில்: மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவு எண்ணையும் நடப்பாண்டுக்கான தொழில் சான்றிதழையும் முதல் வரிகளிலேயே எழுதுங்கள். அடுத்து, நீங்கள் செய்த சிகிச்சைகளைத் தனியாகச் செய்தவை, மேற்பார்வையில் செய்தவை என்று இரண்டாகப் பிரியுங்கள். அரசாங்கக் கிளினிக்கிலும் பள்ளிப் பல் மருத்துவச் சேவையிலும் இருந்தவருக்குப் பல் பிடுங்குதல், பல் அடைத்தல், குழந்தைகளுக்கான சிகிச்சை ஆகியவற்றில் கைப்பழக்கம் நன்றாகவே இருக்கும். அழும் குழந்தையை அமைதிப்படுத்திச் சிகிச்சை முடிக்கத் தெரிந்த மருத்துவரைக் குடும்பங்கள் வரும் கிளினிக் விரும்பியே எடுக்கும் என்பதால், இதை மேலே கொண்டு வாருங்கள். வேர் சிகிச்சையில் முன்பற்கள் எத்தனை, கடைவாய்ப் பற்கள் எத்தனை என்று பிரித்துக் காட்டுங்கள். மொத்த எண்ணிக்கை மட்டும் இருந்தால் கடினமான பற்களில் உங்கள் பழக்கம் தெரியாது.

கிரீடத்தையும் இம்பிளாண்டையும் பற்றி, கலந்துகொண்ட பயிற்சியின் பெயரையும் நாளையும் எழுதி, 'மேற்பார்வையில் பழக விரும்புகிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்வதே நல்லது. வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்ததற்காக 'நிபுணர்' என்று எழுதக்கூடாது. நிபுணர்களுக்கென்று மன்றத்தில் தனிப் பதிவு உண்டு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணைப்பதானால் நோயாளியின் எழுத்துப்பூர்வ அனுமதி இருக்க வேண்டும். பெயரோ முகமோ தெரியக்கூடாது.

கேள்வி: உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் என் மகளிடம் எதிர்பார்க்கும் சம்பளத்தை எழுதும்படி கேட்டிருக்கிறார்கள். அனுபவம் இல்லாததால் குறைத்து எழுதட்டுமா என்கிறாள். - தாயார், செந்தூல்.

பதில்: 2025 ஆகஸ்டு 1 முதல், ஐந்து பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்கள் உட்பட, குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். முழுநேர வேலைக்கு அதற்குக் கீழே எழுத வேண்டியதில்லை. உங்கள் வட்டாரத்துக் கிளினிக்குகளின் விளம்பரங்களைப் பார்த்து, அந்தத் தொகையிலிருந்து தொடங்கும் ஒரு வரம்பை எழுதச் சொல்லுங்கள். ஊழியர் சேமநிதியும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் முதல் மாதத்திலிருந்தே கட்டப்படுமா என்பதை நேர்முகத் தேர்வில் மகளே கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.