இட்லித் தட்டுக்கு இரண்டு யூரோ

வணக்கம் ஐயா,

நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் உள்ள ஆம்ஸ்டல்வேனுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த ஏப்ரல் 27தான் எங்களுக்கு முதல் கோனிங்ஸ்தாக், அதாவது அரசர் நாள். ஆளுக்கொரு ஆரஞ்சு பனியன் வாங்கிப் போட்டுக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் நடுநகருக்குப் போனோம். கூட்டம், பீர், காதைப் பிளக்கும் பாட்டு. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பிவிட்டோம். அரசரின் பிறந்தநாளில் அரசரையே காணோம். தெருவெல்லாம் காதறுந்த பொம்மையும் பழைய செருப்பும் விற்கிறார்கள். இதில் என்ன கொண்டாட்டம்? காலனிகளை வைத்துச் செழித்த அரச வம்சத்துக்காக நாம் ஏன் ஆரஞ்சு உடுத்த வேண்டும் என்று என் மனைவி கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ர.

அன்புள்ள ர.,

தேரோட்டத்தில் வடத்துக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு போய் நின்றிருக்கிறீர்கள். அதே ஊரில் ஃபாண்டல் பூங்காவுக்குப் போயிருந்தால் மகள் வீட்டுக்கு வர மறுத்திருப்பாள். அன்றைக்கு அது பிள்ளைகளின் ராஜ்ஜியம். ஒருத்தி வயலினில் தப்புத்தப்பாக ஏதோ வாசித்துக் காசு வாங்குவாள். ஒருவன் தன் பழைய கார் பொம்மைகளை விரித்து வைத்து, ஐம்பது சென்ட்டுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்பான்.

நீங்கள் அலுத்துக்கொண்ட அந்தப் பழைய செருப்புதான் இந்த நாளின் உயிர். அதற்கு ஃப்ரைமார்க்ட், அதாவது கட்டற்ற சந்தை என்று பெயர். மற்ற நாளில் தெருவில் கடை போட அனுமதி வேண்டும். அன்று மட்டும் யாரும் வீட்டுச் சாமானைப் பரப்பி விற்கலாம். முன்கூட்டியே நடைபாதையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, ‘இடம் பிடித்தாயிற்று’ என்று எழுதி வைத்துவிடுவார்கள். நம் பேருந்தில் துண்டு போடுவதுதான். வீட்டுக் கழிப்பறையை ஒரு யூரோவுக்குத் திறந்துவிடுகிற குடும்பங்களும் உண்டு. டச்சுக்காரர்களின் சிக்கனமும் சந்தோஷமும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்க்கலாம்.

நாங்கள் இருப்பது உட்ரெக்டில். இங்கே சந்தை முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே தொடங்கி விடிய விடிய நடக்கும். முதல் மூன்று வருடம் நானும் உங்களைப் போல வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியவன்தான். நான்காம் வருடம் என் மனைவி, பையனுக்குச் சிறிதாகிவிட்ட சட்டைகளோடு, ஊரிலிருந்து வந்த இரண்டாவது இட்லித் தட்டையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுபது வயதிருக்கும் ஒருவர் அந்தத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “முட்டை வேக வைக்கவா?” என்றார். விளக்கம் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. உளுந்து எங்கே கிடைக்கும் என்று குறித்துக்கொண்டு, இரண்டு யூரோ கொடுத்து வாங்கிப்போனார். மூன்று வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடுகூட நான் அவ்வளவு பேசியதில்லை.

சரி, அரசர் எங்கே? அவர் ஒவ்வொரு வருடமும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துக் குடும்பத்தோடு போவார், தொலைக்காட்சியில் காட்டுவார்கள். விழா 1885 ஆகஸ்ட் 31இல், இளவரசி வில்ஹெல்மினாவின் பிறந்தநாளில் தொடங்கியது. அப்புறம் அவர் மகள் அரசி யூலியானாவின் பிறந்தநாளான ஏப்ரல் 30க்கு மாறியது. யூலியானாவின் மகளான அடுத்த அரசி பியாட்ரிக்ஸ் பிறந்தது ஜனவரி கடைசியில். அந்தக் குளிரில் யார் தெருவில் கடை விரிப்பது? அம்மாவின் தேதியையே வைத்துக்கொண்டார். 2013இல் பியாட்ரிக்ஸின் மகன் வில்லெம் அலெக்ஸாண்டர் அரசரான பிறகு, அடுத்த வருடம் அவர் பிறந்தநாளுக்கு வந்தது. 27 ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் முந்தின நாளே கொண்டாடிவிடுவார்கள். 2014இல் அப்படி 26ஆம் தேதி நடந்து முடிந்தது தெரியாமல், பழைய நினைப்பில் 30ஆம் தேதி ஆரஞ்சு உடையோடு வந்து இறங்கிய சுற்றுலாக்காரர்களும் உண்டு. அவர்களைவிட நீங்கள் பரவாயில்லை.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். ஆரஞ்சு என்பது இங்கே முதலில் பழம் அல்ல, ஊர்ப்பெயர். தெற்கு பிரான்சில் உள்ள ஒராஞ்ச் நகரம் ஒரு காலத்தில் இந்த அரச குடும்பத்தின் உடைமையாக இருந்தது. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அராவ்சியோ. பழத்தின் பெயரோ நம் நாரத்தையோடு உறவுள்ளது. பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போனது. இரண்டும் உச்சரிப்பில் மோதி ஒன்றாகிவிட்டன. ஆக, அவர்கள் உடுத்தும் நிறத்தின் பெயரில் நமக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்று அவரைச் சமாதானப்படுத்திப் பாருங்கள். ஒத்துக்கொள்ள மாட்டார். நானும் ஆரஞ்சு உடுத்துவதில்லை. இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அவர் கேட்பதை இந்த நாடும் தாமதமாகக் கேட்க ஆரம்பித்திருக்கிறது. 2023 ஜூலை 1 அன்று ஆம்ஸ்டர்டாமில் இதே அரசர் அடிமை வணிகத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அது போதுமா என்பது வேறு விவாதம்.

மே 4 வருகிறது. போரில் இறந்தவர்களுக்காக இரவு எட்டு மணிக்கு நாடே இரண்டு நிமிடம் அமைதியாக நிற்கும், டிராம்கூட நின்றுவிடும். மகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் நினைவுச்சின்னத்துக்குப் போங்கள். அடுத்த ஏப்ரலுக்கு வீட்டில் கூடுதலாகக் கிடக்கும் பாத்திரங்களை இப்போதே ஒதுக்கி வையுங்கள். சில்லறையும் ஒரு பாயும் மறக்க வேண்டாம். மகளுக்குச் சிறிதாகிவிட்ட உடுப்புகளுக்கு விலையை அவளே சொல்லட்டும்.