துருவப் பயணத்தில் பனி பிளந்து கடல்நீர் குறுக்கே வந்தால் எப்படிக் கடப்பார்கள்?

சுற்றிப் போகலாம், குளிரில் நீர் உறையும்வரை காத்திருக்கலாம். இரண்டுமே நாட்களைத் தின்னும். நார்வேக்காரர் போர்கே ஊஸ்லாண்ட் பிடித்த வழி நீந்துவது. 2001-இல் சைபீரியாவிலிருந்து கனடா வரை ஆர்க்டிக் கடலைத் தனியாக 82 நாளில் கடந்தபோது அப்படித்தான் செய்தார். முன்பு ஆழ்கடல் முக்குளிப்பாளராக இருந்தவர் என்பதால் இந்த யோசனை வந்ததில் வியப்பில்லை.

பனிச்சறுக்குக் கட்டைகளைக் கழற்றி, போட்டிருக்கும் உடைக்கும் பூட்ஸுக்கும் மேலேயே, நீர் புகாத, தொளதொள என்ற முழு உடையை மாட்டவேண்டும். உள்ளே அடைபடும் காற்றே மிதக்க வைக்கும். மெதுவாக நீருக்குள் இறங்கி, மல்லாந்து நீந்தவேண்டும். கயிற்றில் கட்டிய சறுக்குவண்டி படகுபோல் பின்னால் வரும்.

சிக்கல் கரையில்தான். கடல்நீர் ஏறக்குறைய மைனஸ் 1.8 டிகிரி, வெளிக்காற்று மைனஸ் 30 என்றால் ஏறிய நொடியே உடை விறைக்கும். உடனே பனியில் புரண்டால் தூள்பனி ஈரத்தை உறிஞ்சும், பிறகு தட்டி உதிர்க்கலாம். மெல்லிய புதுப்பனி இன்னும் தொல்லை: நடந்தால் உடையும், நீந்தவும் விடாது, முழங்கையால் நொறுக்கிக்கொண்டே போகவேண்டும்.