மழையில் ஒழுகும் ‘வாட்டர்ப்ரூஃப்’ ஜாக்கெட்: துவைத்ததுதான் காரணம் என்கிறது நிறுவனம்

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். பதினாறு மாதங்களுக்கு முன்பு, மனைவியின் கணக்கிலிருந்து ஒரு ஷாப்பிங் செயலியில் 14,500 ரூபாய்க்கு மூன்று அடுக்கு ரெயின் ஜாக்கெட் வாங்கினேன். ‘100% வாட்டர்ப்ரூஃப், 20,000 மி.மீ., வாழ்நாள் வாரண்டி’ என்று விளம்பரத்திலும் டேகிலும் போட்டிருந்தது. வால்பாறைப் பக்கம் நடைப்பயணத்துக்கும், சில நாள் பைக்கிலும் போட்டிருக்கிறேன். இந்தப் பருவமழையில் தோளும் பிடரியும் நனைந்துவிடுகின்றன. உள்பக்கம், தொப்பி சேரும் இடத்தில் தையல் மேல் ஒட்டிய பட்டை உரிந்து தொங்குகிறது. புகார் செய்தால், “சாதாரண சலவைத் தூளில் துவைத்திருக்கிறீர்கள், இது பயன்பாட்டுத் தேய்மானம், பில்லும் உங்கள் பெயரில் இல்லை, வழக்கென்றால் குருகிராம் நீதிமன்றத்தில்தான்” என்று மின்னஞ்சல் வருகிறது. இரண்டு முறை சலவைத் தூளில் துவைத்தது உண்மைதான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் மனு எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் குறைகள் கலந்திருக்கின்றன. தோள் நனைவது ஒன்று, தையல் பட்டை உரிந்தது இன்னொன்று. முதலாவதை மட்டும் நம்பிப் போனால் வழக்கு சரியக்கூடும். இரண்டாவதில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. நிறுவனம் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘துவைத்ததுதான் காரணம்’ என்று ஒரே பதிலில் முடித்துவிட்டது. நாம் அதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

இந்த வகை ஜாக்கெட்டில் தண்ணீரைத் தடுப்பது வெளித்துணி அல்ல. வெளித்துணிக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் தடுக்கிறது. வெளித்துணியின் மேல், தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடுவதற்காக ஒரு பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு நிரந்தரமானது இல்லை. வியர்வை எண்ணெய், புழுதி, சலவைத் தூளின் மிச்சம், துணி மென்மையாக்கி, முதுகுப்பை வாரின் உராய்வு எல்லாமே அதைக் கெடுக்கும். இப்போது பல நிறுவனங்கள் ஃப்ளோரின் சேர்மங்கள் இல்லாத பூச்சுக்கு மாறியிருக்கின்றன. அவை எண்ணெய்ப் பிசுக்கை அவ்வளவாகத் தாங்காது, அதனால் அடிக்கடி துவைத்துச் சூடு காட்ட வேண்டியிருக்கும். பூச்சு போனால் வெளித்துணி ஊறிக் கனக்கும், உள்ளிருக்கும் வியர்வை ஆவி வெளியேறாது, சவ்வின் உள்பக்கத்தில் நீர் கோக்கும். போட்டிருப்பவருக்கு ‘ஒழுகுகிறது’ என்றுதான் தோன்றும், ஆனால் மழைநீர் ஒரு சொட்டுகூட உள்ளே வந்திருக்காது. தோள் நனைந்ததற்கு இது காரணமாக இருந்தால், அது பராமரிப்பு விஷயம். ஆணையத்தில் நிற்காது.

பட்டை உரிவது வேறு. ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஓட்டைதான், அதை அடைக்கவே உள்ளே பட்டையைச் சூட்டில் ஒட்டுகிறார்கள். இரண்டு முறை சலவைத் தூளில் துவைத்தது மேல்பூச்சைக் கெடுக்கும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். பதினாறு மாதத்தில் ஒட்டுப்பட்டை உரிந்து தொங்குவதற்கு அதைக் காரணம் சொல்வது எளிதல்ல. பட்டையைக் கெடுப்பவை அதிகச் சூடு, டிரை கிளீனிங் கரைப்பான், ஈரத்தோடு மடித்து மாதக்கணக்கில் வைப்பது ஆகியவை. கடைசியாகச் சொன்னதை உங்களிடம் கேட்டே தீருவார்கள். நனைந்த ஜாக்கெட்டை பைக் பெட்டியில் சுருட்டி வைத்து மறந்துவிடும் பழக்கம் இருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலியூரித்தேன் வகைச் சவ்வும் பூச்சும் ஈரச் சூட்டில் தானே சிதைந்து, பிசுபிசுத்து, பொடிப்பொடியாக உதிரும். உங்கள் ஜாக்கெட்டின் உள்பக்கம் அப்படி உதிர்ந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

இப்போது வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனை. லேபிளில் சொன்னபடி ஒரு முறை துவையுங்கள். பெரும்பாலும் 30 அல்லது 40 டிகிரி வெந்நீர், இத்தகைய துணிகளுக்கென்று விற்கும் திரவ சோப்பு, இரண்டு முறை அலசல் என்றிருக்கும். பட்டை உரிந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், துவைக்கும் முன் அதைப் படமெடுத்து வையுங்கள். காய்ந்த பின், லேபிள் அனுமதித்தால் மட்டும், மேலே ஒரு துணி விரித்து மிதமான சூட்டில் நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள். பூச்சில் உயிர் இருந்தால் தண்ணீர் மறுபடி உருளும். இதைச் செய்துவிட்டால் ‘பராமரிக்கவே இல்லை’ என்ற வாதம் பாதி போய்விடும்.

அடுத்து, தோள் பகுதியை ஒரு பாத்திரத்தின் வாயில் குழியாகத் தொங்கும்படி விரித்து, ரப்பர் பேண்ட் போட்டு, அடியில் காய்ந்த டிஷ்யூ தாள் வையுங்கள். குழியில் பத்து செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு இதையே தொப்பித் தையலில் செய்யுங்கள். முதல் காட்சியிலேயே டேகும் சீரியல் எண்ணும் தெரியும்படி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். இந்தச் சோதனைக்கு உள்ளே உடம்பு இல்லை, ஆகவே ‘அது உங்கள் வியர்வை’ என்று யாரும் சொல்ல முடியாது. டேகில் உள்ள மி.மீ. எண், எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதைச் சொல்வது. பத்து செ.மீ. தண்ணீர் என்பது 100 மி.மீ. நீர் அழுத்தம். 20,000 மி.மீ. தாங்கும் என்று விற்ற பொருள் 100 மி.மீ.க்கே சொட்டினால் அதற்குமேல் வாதம் தேவையில்லை. மாறாக, துணி சொட்டாமல் தையல் மட்டும் சொட்டினால், மனுவில் தையலை மட்டும் எழுதுங்கள். இரண்டும் சொட்டாவிட்டால் வழக்கு வேண்டாம். ஜிப் ஓரத்தில் கசிந்தால் அதைப் பெரிதாக்க வேண்டாம். பல ஜிப்கள் நீரைத் தள்ளுபவைதானே தவிர, முழுக்கத் தடுப்பவை அல்ல.

சட்டத்துக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(10) ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கம் உங்களுக்குச் சாதகமானது. சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரம் மட்டுமல்ல, விற்பவர் எந்த வகையிலாவது உரிமை கொண்டாடிய தரமும் அதில் அடங்கும். ஆக, டேகில் அச்சிட்ட எண்ணும் ஒரு வாக்குறுதிதான். பிரிவு 2(47) இன்னும் கூர்மையானது. முறையான சோதனையின் அடிப்படை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் கொடுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ‘சோதித்துத்தான் சொன்னோம்’ என்று அவர்கள் சொன்னால், அதை நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில். எனவே நோட்டீஸிலேயே கேட்டுவிடுங்கள்: 20,000 மி.மீ. எந்த முறைப்படி அளக்கப்பட்டது, ஐஎஸ்ஓ 811 என்ற சர்வதேச நீர் அழுத்தச் சோதனை முறையா, எந்த ஆய்வகம், புதுத் துணியிலா துவைத்த பிறகா, துணியிலா தையலிலா? அந்த எண் பெரும்பாலும் புதுத் துணியில் எடுத்தது. அவர்களுடைய வலுவான பதிலும் அதுவே. ஆனால் ‘புதிதாக இருக்கும்போது மட்டும்’ என்று டேகில் போடவில்லையே, பக்கத்திலேயே ‘வாழ்நாள்’ என்றும் போட்டிருக்கிறீர்களே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

அந்த ‘வாழ்நாள்’ உங்கள் ஆயுள் என்று எண்ண வேண்டாம். இத்துறையில் பொதுவாக அது பொருளின் பயனுள்ள ஆயுள், அதுவும் மூலப்பொருள், தையல் வேலைக் குறைகளுக்கு மட்டும். வாரண்டி நிபந்தனைகளை வாங்கிய நாளில் இருந்த வடிவிலேயே தேடி எடுத்து வையுங்கள். நிறுவனம் இணையப் பக்கத்தைப் பின்னர் மாற்றியிருக்கலாம். ஆர்டர் மின்னஞ்சலில் உள்ள இணைப்பு, செயலியின் பொருள் பக்கத்து ஸ்கிரீன்ஷாட் எல்லாம் உதவும். நிபந்தனை இருபொருள் பட்டால், அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்வது ஒப்பந்தச் சட்டத்தில் பழைய கொள்கை.

பில் மனைவி பெயரில் இருப்பது பெரிய தடை அல்ல. பிரிவு 2(7)-இன்படி, வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். இருந்தாலும் வாதத்தை ஏன் வளர்க்க வேண்டும்? மனைவியை முதல் மனுதாரராகவும் உங்களை இரண்டாவதாகவும் சேர்த்துவிடுங்கள்.

குருகிராம் விஷயம் வெறும் பூச்சாண்டி. பிரிவு 34(2)(டி) நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், மனு போட வழி தருகிறது. தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் மன்றத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று செயலியின் நிபந்தனையில் எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது. எமார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

காலவரம்பில் கவனம் வேண்டும். பிரிவு 69-இன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. குறை தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட முடியும், ஆனால் அந்த வாதத்தையே தேவைப்படாமல் செய்துகொள்ளுங்கள். வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் உங்களுக்கு எட்டு மாதம் இருக்கிறது, அதற்குள் மனு பதிவாகிவிடட்டும். நிறுவனத்தோடு மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டே இருப்பது காலவரம்பை நீட்டாது.

எதிர்த்தரப்பினராக மூவரைச் சேருங்கள்: பிராண்டு நிறுவனம் (வெளிநாட்டுப் பொருள் என்றால் டேகில் உள்ள இறக்குமதியாளர்), பில் போட்ட விற்பனையாளர், செயலி. செயலி ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்று நழுவும். சில சமயம் அது எடுபடும். ஆனாலும் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, அதன் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறையுள்ள பொருளையோ விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கவும் கூடாது. அந்த அலுவலருக்கு இன்றே எழுதிப் புகார் எண் வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம். இந்த அளவு தொகைக்கு அங்கேயே முடிந்துவிட வாய்ப்பு உண்டு.

முடியாவிட்டால், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ், பிறகு நுகர்வோர் ஆணையங்களுக்கான இணையதளமான இ-ஜாக்ரிதியில் மனு. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பில், டேகின் படம், உரிந்த பட்டையின் அண்மைப் படங்கள், மின்னஞ்சல்கள், பிரமாணப் பத்திரம், வீடியோவுக்கு பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்கீழ் (மின்னணுச் சாட்சியத்துக்குத் தேவையான) சான்றிதழ் ஆகியவற்றை இணையுங்கள். இரண்டு முறை சலவைத் தூளில் துவைத்ததையும் மறைக்காமல் நீங்களே எழுதிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது நல்லது.

ஆய்வகச் சோதனை கேட்க வேண்டுமா? பிரிவு 38-இல் அதற்கு வழி இருக்கிறது. ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு அனுப்பும், அறிக்கைக்கு 45 நாள், கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். பட்டை கண்ணால் பார்த்தாலே உரிந்திருக்கும்போது நான் அதைக் கேட்க மாட்டேன். தாமதமும் செலவும்தான் மிஞ்சும். எதிர்த்தரப்பு கேட்டால், தையலின் மேலும் தனியாக அளக்கும்படி ஆணையத்திடம் எழுதிக் கேளுங்கள். துணியின் நடுவில் மட்டும் அளந்தால் அது தேர்ச்சி பெற்றுவிடும், உங்கள் குறையோ தையலில் இருக்கிறது. அதுவரை பட்டையை நீங்களே பசை போட்டு ஒட்டாதீர்கள், தையல்காரரிடமும் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு கேட்பது? 14,500 ரூபாயும் வட்டியும், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகையும், வழக்குச் செலவும் போதும். சிலர் ஐந்து லட்சம் கேட்பார்கள், அது மனுவின் நம்பகத்தைத்தான் குறைக்கும். பதினாறு மாதம் போட்டதற்காக ஆணையம் ஒரு பங்கைக் கழிக்கவும் கூடும், அதற்குத் தயாராக இருங்கள். சட்டத்தில் ‘பொருள் பொறுப்பு’ (குறையுள்ள பொருளால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு) என்று தனி அத்தியாயம் இருக்கிறதே என்று யாராவது சொன்னால், பொருளுக்கே ஏற்பட்ட கேடு அதில் சேராது என்பதை நினைவில் வையுங்கள். ஜாக்கெட் ஒழுகி நீங்கள் குளிரில் உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் இருந்திருந்தால் அது பேசப்படும்.

நோட்டீஸ் போனதும் பெரும்பாலும் ஒரு கூப்பனோ ‘இலவசப் பழுதுபார்ப்போ’ நீட்டுவார்கள். பட்டையை மறுபடி ஒட்டித் தருவது இந்தக் குறைக்குச் சரியான வைத்தியம்தான். மறுக்க வேண்டியதில்லை. ஜாக்கெட்டை அனுப்பும் முன் எல்லாப் பக்கமும் படமெடுத்து, கூரியர் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதே பாத்திரச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகே ‘முழுத் தீர்வு பெற்றேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போடுங்கள்.