காம்பஸ் முள்ளு சாஞ்சு நிக்குது: பதில்

கனடாவோட வட கோடியில இருக்குற ரெசல்யூட் பே ஊர்ல காம்பஸ் முள்ளு ஒரு பக்கம் சாஞ்சு, அடியில இருக்குற திசைக் கார்டுல ஒரசி நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க, அது ரிப்பேர் இல்லங்க. பூமியோட காந்தப் புலம் அங்க கிட்டத்தட்ட செங்குத்தா தரைக்குள்ள இறங்குது, அதனால முள்ளோட ஒரு முனை கீழ இழுபடுது, முள்ள பக்கவாட்டுல திருப்புற விசை ரொம்ப கம்மி, அதான் தட்டிவிட்டா கூட மந்தமா சுத்தி கண்ட இடத்துல நிக்குது. 1831ல பிரிட்டிஷ் கடற்பயணி ஜேம்ஸ் கிளார்க் ராஸ், வட கனடாவுல இருக்குற பூத்தியா தீபகற்பத்துல காந்த வட துருவத்த, அதாவது புலம் நேரா கீழ இறங்குற இடத்த, கண்டுபிடிச்சப்போ முள்ளு 89 டிகிரி 59 நிமிஷம் கீழ சாஞ்சிருந்துச்சு, இப்போ அந்த துருவம் நகர்ந்து சைபீரியா பக்கம் போயிட்டிருக்கு.

போன் காம்பஸையும் நம்பாதீங்க ப்ளீஸ், அதுவும் இதே புலத்ததான் அளக்குது. ஜிபிஎஸ்ஸ ஆன் பண்ணி நேரா கொஞ்ச தூரம் நடங்க, அப்போ காட்டுற திசைதான் சரி. வெயில் இருந்தா சூரியன் உச்சிக்கு வர்ற நேரம் அது நேர் தெற்குல இருக்கும், அத வச்சும் செக் பண்ணிக்கலாம்.