டிக்கெட் காசு வசூல் ஆகணுமா, புள்ளைங்க சிரிக்கணுமா? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

லீவுக்கு எங்க போனீங்க, எப்படி இருந்துச்சுன்னு போன இதழ்ல கேட்டிருந்தேன். வந்த லெட்டர்ல பாதிக்கு மேல தீம் பார்க் புலம்பல்தான். ஊட்டி போனவங்க கூட ரெண்டு வரில முடிச்சுட்டாங்க, பார்க் போனவங்கதான் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. அதனால இந்த வாரம் முழுக்க அதே.

அக்கா, மே மாச லீவுல நான், வீட்டுக்காரர், 7 வயசு பையன், 3 வயசு பொண்ணு, மாமனார், மாமியார்னு எல்லாருமா சென்னைக்கு வெளிய ஒரு தீம் பார்க் போனோம். விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு கிளம்புனது. சின்னவ நாள் பூரா என் இடுப்ப விட்டு எறங்கல, ஒரே அழுகை. பெரியவன் ஆசப்பட்ட ரைட்ல உயரம் பத்தலன்னு விடல. மாமியாருக்கு மூட்டு வலி. இவரு "இவ்ளோ காசு குடுத்திருக்கோம், எல்லாத்துலயும் ஏறிட்டுதான் போகணும்"னு விரட்டிகிட்டே இருந்தாரு. திரும்பி வந்து ரெண்டு நாள் யாராலயும் எந்திரிக்க முடியல. ஆனா போட்டோல எல்லாரும் பல்லு தெரிய சிரிக்கிறோம். எங்க வீட்ல மட்டும்தான் இப்படியா? – வாசகி, ஆவடி

எல்லார் வீட்லயும் இதான்மா, போட்டோவ மட்டும்தான் வெளிய காட்டுவாங்க. உங்க லெட்டர்லயே பதிலும் இருக்கு, உங்க வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வரிதான் எல்லாத்துக்கும் காரணம். கவுன்ட்டர்ல குடுத்த காசு குடுத்ததுதான், நாலு ரைட் ஏறுனாலும் போச்சு நாப்பது ஏறுனாலும் போச்சு, ஒரு ரைட்டுக்கு எவ்ளோ விழுதுன்னு மனசுக்குள்ள கணக்கு போட்டுகிட்டே நடந்தா கால்தான் வலிக்கும். அந்த கணக்கு உங்க 3 வயசு பொண்ணுக்கு தெரியவே தெரியாது. அவளுக்கு கால் முட்டி வரைக்கும் தண்ணி இருக்குற குட்டி குளம், மேல இருந்து சொட்டுற ஒரு காளான் ஷவர், இது ரெண்டு போதும், ஒரே எடத்துல ரெண்டு மணி நேரம் இருப்பா. நாமதான் "வா வா, அடுத்தது பாக்கலாம்"னு கைய புடிச்சு இழுக்குறோம், அப்புறம் புள்ள அழுதுன்னு சலிச்சுக்கிறோம்.

அதுவும் நீங்க போனது மே மாசம். அக்னி நட்சத்திரம் நடக்கும்போது சென்னைல மதியம் 40 டிகிரி சர்வ சாதாரணம். சின்ன புள்ளைங்க உடம்பு நம்ம உடம்பு மாதிரி இல்லமா, எடைய வச்சு பாத்தா அதுங்களுக்கு தோல் பரப்பு அதிகம், வேர்வையும் நம்ம அளவுக்கு வராது, அதனால வெளிய கொதிச்சா உள்ளயும் சீக்கிரம் சூடு ஏறிடும். தாகமா இருக்குன்னு அதுக்கு சொல்லவும் வராது, விளையாட்டு ஜோர்ல தெரியவும் தெரியாது, சிணுங்க மட்டும்தான் தெரியும். இடுப்ப விட்டு எறங்கலன்னு சொன்னீங்களே, அதுல பாதி அடம் இல்ல, வெயிலும் மதிய தூக்கம் கெட்டதும்தான். கேட்டா மட்டும் தண்ணி குடுக்காம, ஒரு இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா நீங்களாவே ரெண்டு வாய் குடிக்க வைங்க. ஒண்ணுக்கு போகவே இல்ல, இல்ல கடும் மஞ்சளா போகுதுன்னா அதோட அன்னைக்கு ஆட்டம் க்ளோஸ், நிழலுக்கு கூட்டிட்டு போயிடணும். புள்ள தொவண்டு போறா, கூப்பிட்டா சரியா பதில் வரல, உடம்பு கொதிக்குதுன்னா வீட்டுக்கு போய் பாத்துக்கலாம்னு இருக்கவே கூடாது. பார்க்லயே முதலுதவி ரூம் இருக்கும், தண்ணில நனைச்ச துண்ட போட்டுகிட்டே நேரா அங்க ஓடுங்க.

இதுக்கு நான் சொல்ற வழி உங்க வீட்டுக்காரருக்கு புடிக்காது, இருந்தாலும் படிச்சு காட்டுங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் ஒவ்வொருத்தர்கிட்டயும் "உனக்கு கண்டிப்பா வேணும்னா எது?"ன்னு கேளுங்க, ஆளுக்கு ஒண்ணுதான். அது நடந்துட்டா அன்னைக்கு பார்க் முடிஞ்சுது, மிச்சம் கெடைக்குறதெல்லாம் போனஸ். உள்ள போனதும் ரெண்டு டீமா பிரிஞ்சிடுங்க, பெரியவன கூட்டிகிட்டு அவரு பெரிய ரைட் பக்கம் போகட்டும், நீங்க சின்னவளோட குட்டி குளத்துல கால நனைச்சுகிட்டு உக்காருங்க, ஒரு மணி நேரம் கழிச்சு ஆள் மாத்திக்கோங்க. ஆறு பேரும் ஒரே கும்பலா நகரணும்னு நெனச்சா ஒருத்தர் பாத்ரூம் போக அஞ்சு பேர் வெயில்ல நிக்கணும். மதியம் சாப்பிட்டதும் சின்னவள நிழல்ல ஸ்ட்ரோலர்லயோ பாட்டி மடிலயோ ஒரு மணி நேரம் தூங்க வச்சிடணும், இது மட்டும் நடந்துட்டா சாயங்காலம் வேற குழந்தைய பாப்பீங்க.

சீக்கிரமே வெளிய வந்துடுங்க. மூடுற வரைக்கும் இருந்தா டிரஸ் மாத்துற எடத்துல கியூ, பார்க்கிங்ல கியூ, ஞாயித்துக்கிழமையா இருந்தா ஈசிஆர்ல ஊருக்குள்ள வர்ற வண்டி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. நாலு மணிக்கு கிளம்பி வழில டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டு வீட்டுக்கு வர்றது இருக்கே, அந்த சுகத்துக்கு எந்த ரைடும் ஈடு இல்ல, இது என் கட்சி.

மாமியார் விஷயம் தனி. அவங்கள கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி "வர்றீங்களா அத்தை?"ன்னு நெஜமா கேட்டீங்களா, இல்ல விட்டுட்டு போனா நல்லா இருக்காதேன்னு கூட்டிட்டு போனீங்களா? ரைட் ஏறாதவங்களுக்கும் பெரும்பாலான பார்க்ல டிக்கெட் உண்டு, சில எடத்துல பெரியவங்களுக்கு கொஞ்சம் கொறைப்பாங்க அவ்ளோதான். மூட்டு வலியோட அவ்ளோ தூரம் நடக்குறதுக்கு வீட்ல ஃபேன் போட்டு உக்காந்திருக்குறது அவங்களுக்கும் சந்தோஷமா இருந்திருக்கலாம். கேட்டு பாருங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

என் பையனுக்கு 3 சென்டிமீட்டர்தான் கம்மி. ஷூவோட அளந்தா சரியா வந்துடும். ரைட் ஆபரேட்டர் தம்பிகிட்ட எவ்வளவோ கெஞ்சியும் விடல. இவ்ளோ கறாரா இருக்கணுமா? – வாசகர், தாம்பரம்

இருக்கணும் சார். அந்த தம்பிக்கு அடுத்த தடவை ஒரு ஜூஸ் வாங்கி குடுங்க. அந்த அளவு கோடு சும்மா கிழிச்சது இல்ல. ரைட்ல மடிக்கு மேல வந்து அழுத்துற கம்பி இருக்குல்ல, அது இடுப்பையும் தொடையையும் சேத்து புடிக்கிற மாதிரி ஒரு உடம்பு அளவ வச்சு செஞ்சது, உடம்பு சின்னதா இருந்தா வண்டி குலுங்கும்போது அடிவழியா வழுக்கி வெளிய வந்துடலாம். ஒரே கம்பி ரெண்டு பேருக்கும் சேத்துன்னா இன்னும் மோசம், பக்கத்துல நீங்க உக்காந்தா உங்க வயித்துல அது நின்னுடும், பையனுக்கு மேல நல்ல இடைவெளி இருக்கும். "நான் புடிச்சுக்கிறேன்"ங்கிற பேச்செல்லாம் அந்த வேகத்துல நடக்காது. வீட்லயே கதவுல அளந்துட்டு, அந்த பார்க் வெப்சைட்ல எந்த ரைட்டுக்கு எவ்ளோ உயரம்னு பாத்துட்டு, "உனக்கு இதெல்லாம் உண்டு, இது அடுத்த வருஷம்"னு முன்னாடியே சொல்லிடுங்க. கியூல ஒரு மணி நேரம் நின்னு வாசல்ல வச்சு இல்லன்னு கேக்குறதுதான் புள்ளைங்களுக்கு தாங்காது.

அளக்குறப்ப டிக்கெட்டுக்கும் சேத்து பாத்துக்கோங்க, நிறைய பார்க்ல வயசு கணக்கு இல்ல உயரம்தான் கணக்கு, 85 இல்ல 90 சென்டிமீட்டருக்கு கீழ இருந்தா ஃப்ரீயா விடுற எடமும் உண்டு. ரைட்டுக்கு ஷூவோட, டிக்கெட்டுக்கு ஷூ இல்லாமன்னு அளக்குற அப்பாக்கள நானும் பாத்திருக்கேன் சார்!

காட்டன் டிரஸ்ஸோட தண்ணில எறங்க விடல, நைலான்தான் வேணுமாம், அதையும் அவங்க கடைலயே வாங்கணுமாம். இது கொள்ளை இல்லாம வேற என்ன? – வாசகி, மேட்டுப்பாளையம்

விதி சரிதான், வெலைதான் கொள்ளை. காட்டன் தண்ணிய குடிச்சு கனமாகி கால்ல சுத்திக்கும், புடவை துப்பட்டான்னா வேவ் பூல்ல ரொம்ப ஆபத்து, நூல் பிரிஞ்சு ஃபில்டர்லயும் போய் அடைக்கும். ஆனா அங்கேயேதான் வாங்கணும்னு இல்ல, அதே துணி நம்ம ஊர் கடைத்தெருவுல பாதி வெலைக்கு கெடைக்கும், கிளம்புற வாரம் வாங்கி வச்சிடுங்க. குழந்தைக்கு கண்ணுல அடிக்கிற ஆரஞ்சு, பச்சைன்னு எடுங்க, நீல கலர் மட்டும் வேணாம், தண்ணிக்குள்ள இருந்தா கண்ணுக்கே தெரியாது.

பூல் பக்கம் போனாலே ப்ளீச்சிங் வாட தூக்குச்சு. தண்ணி நல்லா சுத்தமா இருக்குன்னு நம்பி எறக்குனேன், ரெண்டு பசங்களுக்கும் கண்ணு செவந்து போச்சு. – வாசகி, மதுரை

நெறைய பேர் இப்படித்தான் நெனைக்கிறாங்க, ஆனா கத வேற. ஒழுங்கா பராமரிக்கிற பூல்ல அவ்ளோ வாட வராது. குளோரின் போய் வேர்வை, ஒண்ணுக்கு, உடம்பு அழுக்கு இதோட எல்லாம் சேந்தா குளோரமைன்னு ஒண்ணு உருவாகும், மூக்க அடைக்கிற அந்த வாட அதோடது, கண்ணு எரியிறதும் பெரும்பாலும் அதனாலதான். வாட தூக்குதுன்னா இதுக்கு முன்னாடி நெறைய பேர் குளிக்காமலும் பாத்ரூம் போகாமலும் எறங்கியிருக்காங்கன்னு அர்த்தம். அதனால எறங்குறதுக்கு முன்னாடி ஷவர்ல நின்னுட்டு போறது, மணிக்கு ஒரு தடவை புள்ளைங்கள பாத்ரூம் கூட்டிட்டு போறது, இத நாமளும் செய்யணும். வெளிய வந்ததும் நல்ல தண்ணில கண்ணையும் தலையையும் அலசுங்க. மறுநாளும் செவப்பு போகலன்னா டாக்டர்.

தயிர் சாதம் சாப்பிட்டுட்டு கப்பல் மாதிரி ஆடுற கொலம்பஸ் ஊஞ்சல்ல ஏறினோம். மூத்தவ பக்கத்து சீட் ஆள் மேலயே வாந்தி எடுத்துட்டா. கைக்குழந்தைக்கு ஒண்ணும் ஆகல, எனக்கும் ஒண்ணும் ஆகல. அவளுக்கு மட்டும் ஏன்? – வாசகி, சேலம்

ஏன் கைக்குழந்தைய கொலம்பஸ் பக்கம் கொண்டு போனீங்கன்னு நான் மொதல்ல கேக்கணும், ஏத்தலன்னே நம்புறேன், ராட்டினத்தோட விட்டிருப்பீங்க.

நம்ம காதுக்கு உள்ள சின்னதா வளைஞ்ச குழாய்ங்க இருக்கு, அதுல ஒரு திரவம் இருக்கும், தலை எந்த பக்கம் திரும்புதுன்னு மூளைக்கு சொல்றது அதோட வேலை. சொம்பு தண்ணிய சுத்தி விட்டு சொம்ப நிறுத்துனாலும் உள்ள தண்ணி சுத்திகிட்டே இருக்கும்ல, அதே கததான், ரைட் நின்னாலும் காது சுத்துதுங்குது, கண்ணு நின்னாச்சுங்குது, மூளை கொழம்புது, வயிறு பொரட்டுது. ரெண்டு வயசுக்குள்ள இருக்குற குழந்தைங்களுக்கு இது ரொம்ப அபூர்வம், ரெண்டுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும்தான் அதிகம், பெரியவங்களானா பெரும்பாலும் கொறஞ்சிடும். அதனால சுத்துறது, ஊஞ்சல் ஆடுறது எல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பிட்டப்புறம் ஒரு மணி நேரம் டாய் ட்ரெயின், பொம்மை பாக்குறதுன்னு ஓட்டுங்க. பட்டினியா ஏத்துனாலும் கொமட்டும், ரெண்டு இட்லி போதும். ஒரு கவரும் ஈரத்துணியும் கைலயே இருக்கட்டும், பக்கத்து சீட் ஆளோட சாபம் வேணாம்.

வெயிலுக்கு ஓஆர்எஸ் (உப்பு சக்கரை கரைசல்) நல்லதுன்னு கடைல பாக்கெட் ஜூஸ் மாதிரி வாங்கி குடுத்தேன். சரியா? – வாசகர், செங்கல்பட்டு

பாக்கெட் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. பேர்ல ஓஆர்எஸ்னு போட்டுகிட்டு சக்கரத் தண்ணியா வித்ததுக்குத்தான் 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் தடை போட்டுச்சு, உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவுல இல்லாத டிரிங்க்ஸ் அந்த பேர வைக்கக்கூடாதுன்னு. மெடிக்கல்ல பவுடரா கேட்டு வாங்குங்க. 21 கிராம் பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர் தண்ணி, மொத்தமும் ஒரே தடவைல கலக்கணும், டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா தட்டி போட்டா உப்பு அளவு மாறிடும், குழந்தைக்கு அது நல்லதில்ல. கலந்தத அன்னைக்கே குடிச்சிடணும். சும்மா வெயில்ல வெளையாடுற புள்ளைக்கு தண்ணி, எளநீர், உப்பு போட்ட மோரே போதும் சார், வாந்தி பேதின்னாதான் ஓஆர்எஸ் அவசியம்.

கூட்டத்துல புள்ள தொலஞ்சிடுமோன்னு பயந்தே எனக்கு பாதி உயிர் போச்சு. – வாசகி, திருவண்ணாமலை

உங்க ஊர் தீபத்துக்கு போலீஸ் குழந்தைங்க கைல போன் நம்பரோட பேண்ட் கட்டி விடுவாங்கல்ல, அதே வேலைய நீங்க பேனாவால செய்ங்க. தண்ணில அழியாத மார்க்கர்ல கை உள்பக்கம் நம்பர், பேர் வேணாம், பேர தெரிஞ்சுகிட்டு யாராவது கூப்பிட்டா புள்ள நம்பி போயிடும். காலைல கிளம்பும்போது அன்னைக்கு போட்ட டிரஸ்ஸோட ஒரு போட்டோ எடுத்து வைங்க, பதட்டத்துல என்ன கலர் போட்டுச்சுன்னே ஞாபகம் வராது. தொலஞ்சுட்டா தண்ணி இருக்குற எடத்தத்தான் மொதல்ல பாக்கணும், அதே நேரம் ஒருத்தர் ஸ்டாஃப்கிட்ட சொல்லி வாசல் கேட்டுக்கு தகவல் போகணும். 1098 குழந்தைகளுக்கான ஹெல்ப்லைன், போன்ல போட்டு வைங்க.

நாங்க சின்ன வயசுல விஜிபி கோல்டன் பீச் போயிட்டு வந்தா இப்படி அசந்ததே இல்லையே அக்கா. – வாசகி, வேலூர்

அப்ப பையும் கட்டுச்சோறும் தூக்கினது உங்க அம்மாமா. நீங்க அங்க ஆடாம அசையாம நிக்கிற சிலை மனுஷன சிரிக்க வைக்கிறேன்னு அவர் முன்னாடி குதிச்சுகிட்டு இருந்தப்ப உங்க அம்மா எங்க நிழல் இருக்குன்னு தேடிகிட்டு இருந்திருப்பாங்க. 1995ல தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்துச்சே, இந்தியாவோட மொதல் 3டி படம் எடுத்த நவோதயா அப்பச்சன் தொடங்குனது, அங்க ஸ்கூல் டூர் கூட்டிட்டு போன டீச்சர்ங்க யாராவது மாட்டுனா கேட்டு பாருங்க, ஒரு பஸ் புள்ளைங்கள எண்ணி எண்ணி அவங்க பட்ட பாட்ட.

அக்கா, நாள் பூரா பேக், செருப்பு, ஈரத்துணி எல்லாத்துக்கும் காவல் இருந்தேன். ஒரு ரைட் கூட ஏறல. ஆனா என்கிட்டயும் முழு டிக்கெட் வாங்கிட்டாங்க. இது நியாயமா? – வாசகர், திருச்சி

லாக்கர் வாடகை எவ்ளோன்னு கேட்டீங்களா தம்பி? உங்க டிக்கெட்ட விட கம்மியாத்தான் இருக்கும், அடுத்த தடவை பேக்க உள்ள வச்சு பூட்டிட்டு நீங்களும் ஏறுங்க. ஒருவேளை ஏற பயந்துகிட்டுத்தான் பேக்க கட்டி புடிச்சுகிட்டு உக்காந்திருந்தீங்கன்னா கவலப்படாதீங்க, ஊர் பேரு மட்டும்தான் போட்டிருக்கேன், திருச்சில அப்படி எத்தனையோ அப்பாக்கள் இருப்பாங்க.